கல்வராயன் மலைக்குச் சட்டம் எப்போ போச்சு?

2024 ஜூன் மாசத்திலிருந்து இந்தப் பதிவை எழுதுறதும் அழிக்கிறதுமா இருக்கேன். கோபத்தில் எழுதினால் வெறும் வசவாகப் போய்விடுகிறது. ஆறட்டும் என்று விட்டால், ஆறிப்போன பிறகு எதுக்கு எழுதணும்னு தோணுது. இந்தத் தடவை முடிச்சுடறதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க மக்களே.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கம், கச்சிராயபாளையம் போகிற வழியில். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். பொழைப்புக்காக வெளியூர் வந்து பல வருஷமாச்சு. முன்னாடியெல்லாம் ஊர்ப் பேரைச் சொன்னா, "அது எங்கங்க இருக்கு, விழுப்புரம் பக்கமா?" என்று கேட்பார்கள். இப்ப யாரும் கேட்கிறதில்லை. "ஓ..." என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அந்த 'ஓ'வுக்கு என்ன அர்த்தம்னு சொல்றவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. நம்ம அரசியலமைப்புச் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ஒரு நவம்பர் 26-தான், 1949-ல். இந்தத் தேதிப் பொருத்தத்தில் எனக்கு அப்போ ஒரு சின்னப் பெருமை. இனிமே ஒரு கையெழுத்துக்காக விழுப்புரம் வரைக்கும் பஸ் ஏற வேண்டாம், கலெக்டர், எஸ்.பி. எல்லாரும் ஊருக்குள்ளேயே வந்தாச்சு. அரசாங்கம் பக்கத்தில் வந்தால் சட்டமும் பக்கத்தில் வந்துடும்னு நினைச்சேன்.

அந்த நினைப்பு நாலரை வருஷம் தாங்கிச்சு.

2024 ஜூன் 18 ராத்திரி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடிச்சவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விழ ஆரம்பிச்சாங்க. கண்ணு தெரியலைன்னாங்க. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை நிரம்பி வழிய, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. சாராயத்தில் இருந்தது மெத்தனால். 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். பெண்களும் உண்டு. அப்பா அம்மா ரெண்டு பேரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு.

கருணாபுரம் ஏதோ காட்டுக்குள்ளே இருக்கிற இடம் இல்லை. டவுனுக்கு நடுவில். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் நடந்து போகிற தூரம்.

*

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் வேற பேச்சே இல்லை. எங்க மாமா (அம்மாவோட தம்பி) கடுப்பில் இருந்தார்.

"மாப்ள, இவனுங்களையெல்லாம் கோர்ட்டு கீர்ட்டுன்னு இழுத்துக்கிட்டு இருக்கக் கூடாதுடா. நாலு பேரைத் தூக்கிட்டுப் போய்ச் சுட்டா தன்னால அடங்கிடுவானுங்க."

"யார் மாமா அந்த நாலு பேரு?"

"ஏன், விக்கிறவன்தான்."

"பாக்கெட்டை விக்கிறவனா, மெத்தனாலை அனுப்புறவனா, மாசாமாசம் வாங்கிட்டுக் கண்ணை மூடிக்கிறவனா? எந்த நாலு பேரைச் சுடுவாங்கன்னு நினைக்கிறீங்க?"

மாமா பதில் சொல்லலை. டீயை ஒரே மடக்காகக் குடிச்சுட்டு, "அப்ப என்னதான் பண்ணணும்ங்கற? சட்டம் சட்டம்னு சொல்லிக்கிட்டிருந்தா போன உசிரு வந்துடுமா?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்தான் இந்தப் பதிவு.

*

முதல் விஷயம், சட்டம் இல்லாததால் இது நடக்கலை.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் வயசு என்ன தெரியுமா? 1937. ராஜாஜி பிரதமரா (அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க) இருந்தப்ப கொண்டுவந்தது. மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு அமலான மாவட்டம் சேலம், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. நம்ம கல்வராயன் மலைக்கு அடுத்த சரிவு. மெத்தனால் தனியா கட்டுப்பாட்டில் இல்லையோன்னு நினைக்காதீங்க. அதுக்கும் 1959-லேயே விதிகள் வந்தாச்சு. யார் வாங்கலாம், யார் விக்கலாம், எல்லாத்துக்கும் உரிமம், கணக்கு. சாராயம் விக்கிறவரை விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே வைக்க 1982-ல் ஒரு சட்டம் வந்தது. நாம 'குண்டாஸ்'னு சுருக்கிச் சொல்றோமே, அதன் முழுப் பெயரில் கள்ளச்சாராயக்காரர்தான் முதல்ல வருவார், குண்டர் அப்புறம்தான்.

இவ்வளவும் இருந்தும் 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றது. அடுத்த வருஷம் கருணாபுரம். உடனே 2024 ஜூன் 29-ல் சட்டசபையில் திருத்தம். சாவுக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை, குறைஞ்சது 10 லட்ச ரூபாய் அபராதம்.

தண்டனையைக் கூட்டினதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. காலையில் ஆறு மணிக்கு நடுத்தெருவில் பாக்கெட் வித்தவன், "தண்டனை மூணு வருஷம்தானே"ன்னு கணக்குப் போட்டா வித்தான்? நம்மளை யாரும் பிடிக்க மாட்டாங்கன்னு கணக்குப் போட்டு வித்தான். ஆயுள் தண்டனை என்று புஸ்தகத்தில் எழுதினால் அந்தக் கணக்கு மாறாது. பிடிக்க வேண்டியவர் பிடிக்கலைன்னா அவருக்கு என்ன ஆகும்? அந்தப் பதிலில்தான் மாறும்.

*

'சட்டத்தின் ஆட்சி'ன்னு எல்லாரும் சொல்றோம். போலீஸ் அதிகாரி பேட்டியிலும் வருது, எதிர்க்கட்சி அறிக்கையிலும் வருது. பெரும்பாலும் 'ஒழுங்கா இரு, இல்லைன்னா உள்ளே போடுவேன்' என்கிற அர்த்தத்தில்தான் வருது. அது சட்டத்தை வெச்சு ஆள்றது. வெள்ளைக்காரன்கூட அதைத்தான் செய்தான், நம்மளைவிட நல்லாவே செய்தான்.

சட்டத்தின் ஆட்சி வேற. கையில் சட்டத்தை வெச்சிருக்கிறவரையும் அதே சட்டம் கட்டிப்போடணும். டைசி என்கிற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 1885-ல் இதை விளக்கி ஒரு புத்தகம் எழுதினார், சட்டக் கல்லூரியில் இன்னிக்கும் அவர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. ஆனா இதுக்கு நாம லண்டன் போகணும்னு அவசியம் இல்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை நிக்குது. கன்றுக்குட்டியைக் கொன்ற குற்றத்துக்கு எவனோ வண்டிக்காரனை ராஜா தண்டிச்சார்னு கதை இருந்தா யாரும் சிலை வெச்சிருக்க மாட்டாங்க. தன் பிள்ளைன்னு பார்க்கலை, அதனால்தான் சிலை. அதுவாவது கதை. உத்திரமேரூர்க் கல்வெட்டு கதை இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பேரைக் குடவோலையில் போடக் கூடாது, அவரோட சொந்தக்காரங்க பேரையும் போடக் கூடாதுன்னு கோயில் சுவரில் வெட்டி வெச்சாங்க. அதிகாரத்தில் உட்கார்றவருக்குத்தான் அந்த விதி. அவரும் படிக்கணும், ஊரும் படிக்கணும்னுதான் கல்லில் வெட்டினது.

நம்ம அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு ரெண்டு விஷயம் சொல்லுது. ஒண்ணு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம். இன்னொண்ணு, சட்டத்தின் பாதுகாப்பும் எல்லாருக்கும் சமம். முதல் பாதி நமக்கு மனப்பாடம். ரெண்டாவது பாதியைத்தான் மறந்துடறோம். அது மறந்துபோனா ஒரு ஊர் எப்படி இருக்கும்னு பார்க்க எங்க ஊர் மலைக்கு வாங்க.

*

கல்வராயன் மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்துக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்கிற அர்த்தத்தில் மலையாளி. பேசுறது தமிழ்தான்.) சாமை, தினை, மரவள்ளிக்கிழங்கு. கடுக்காய் பொறுக்குவாங்க. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைஞ்சு வளைஞ்சு ஏறினா கரியாலூர், வெள்ளிமலை.

இந்தியா சுதந்திரம் அடைஞ்சது 1947. குடியரசானது 1950. கல்வராயன் மலை? அது ஜாகீர். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூணு ஜாகீர்தார் வம்சங்களின் கையில் இருந்தது. அந்தப் பிடி விலகி மலை முழுசா அரசாங்கத்துக்குக் கீழே வந்தது 1976-ல், அவசரநிலைக் காலத்தில். அதாவது நாடு குடியரசாகி 26 வருஷம் கழிச்சு.

இதில் ஒரு கொடுமை இருக்கு. அதே 1976-ல், ஏப்ரல் 28-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அவசரநிலை இருக்கிற வரைக்கும், அரசாங்கம் யாரையாவது பிடிச்சு உள்ளே வெச்சா, அவர் ஆட்கொணர்வு மனு போட்டுக் கேட்க முடியாதுன்னு. அஞ்சு நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருத்தர் மட்டும் ஒத்துக்கலை. மலைக்காரன் ஜாகீர்தாரை விட்டுச் சட்டத்தோட வீட்டுக்குள்ளே கால் வெச்ச வருஷத்தில், அந்த வீட்டோட கதவையே உள்ளேயிருந்து சாத்திட்டாங்க. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017-ல், அந்தரங்க உரிமை வழக்கில், தப்புன்னு சொல்லி ஒதுக்கியது. 41 வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறமாவது சட்டம் மலைக்குப் போச்சா? போச்சு. எந்த ரூபத்தில் போச்சுன்னுதான் பார்க்கணும். தினசரி படிக்கிற எங்க ஊர்க்காரங்களுக்குக் கல்வராயன் மலை என்றாலே ஒரே செய்திதான் ஞாபகம் வரும்: 'கல்வராயன் மலையில் ஆயிரம் லிட்டர் சாராய ஊறல் அழிப்பு.' வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டு ஊற வெச்ச பேரல்களை போலீஸ்காரர் கவுத்து ஊத்துற போட்டோ. சின்ன வயசிலேர்ந்து பார்க்கிறேன். பேரல் மட்டும் நீலக் கலர் பிளாஸ்டிக்கா மாறியிருக்கு.

ஊறல் போடுறது குற்றம், நான் நியாயப்படுத்தலை. ஆனா அதே மலையில் ரோடு இல்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கிட்டு இறங்கின செய்தியும் வந்திருக்கு. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. உழுகிற காட்டு நிலத்துக்கு உரிமை கொடுக்கிற அந்தச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒண்ணு குறுக்கே நின்னு, 2016-ல்தான் விலகியது. உரிமை கொடுக்கிற சட்டம் பத்து வருஷம் அடிவாரத்திலேயே நிக்குது. பேரலைக் கவுக்கிற சட்டம் மட்டும் விடியக்காலையில் ஜீப்பில் ஏறிப் போகுது. ரெண்டும் ஒரே அரசாங்கத்தோட சட்டம்தானே?

கருணாபுரத்தில் ஆளைக் கொன்றது மலையில் காய்ச்சின சாராயம் இல்லை. ஊறல் போட்டா மெத்தனால் இந்த அளவுக்கு வராது. அது தொழிற்சாலைச் சரக்கு, கெமிக்கல் வியாபாரத்தில் புழங்குறது, மலைக்குக் கீழேயிருந்து வந்தது. ஆனா சாவு விழுந்ததும் ரெய்டு எங்கே போச்சு? மலைக்கு.

இந்த இடத்தில் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லணும். 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கிட்டது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாம் என்ன நிலையில் இருக்குன்னு அரசாங்கத்தைக் கேட்டது. சாராயச் சாவுக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்னு சிலர் கேட்டாங்க. எனக்கென்னவோ, 14-ஆவது பிரிவோட ரெண்டாவது பாதியை யாரோ ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு பட்டது.

அந்த வருஷம் நவம்பர் 20-ல் இதே உயர்நீதிமன்றம் சாராயச் சாவு வழக்கை சிபிஐக்கு மாத்தியது. சாவு நடந்தப்ப சஸ்பெண்ட் ஆன போலீஸ் அதிகாரிகளை அதுக்குள்ளே திரும்ப வேலைக்கு எடுத்ததையும் கண்டிச்சது. அரசாங்கம் உச்ச நீதிமன்றம் போயும் அந்த உத்தரவு மாறலை. ஊறல் போட்டவனுக்குக் குண்டாஸில் ஒரு வருஷம், கண்காணிக்கத் தவறினவருக்குச் சில மாசம் சஸ்பெண்ட். தராசு எந்தப் பக்கம் சாயுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

சரி, மாமாவோட 'நாலு பேரைச் சுடணும்' விஷயத்துக்கு வருவோம்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினாங்கன்னு 20 பேரை அந்த மாநிலப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்து ஏழைக் கூலிகள். செம்மரத்தைக் கப்பலேத்தி விக்கிற ஒரு முதலாளி அந்த இருபதில் இருந்தாரா? இல்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் அஞ்சு பேர் பொணமா மிதந்தாங்க. சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்காரங்க. சட்டத்தைத் தாண்டிப் போகலாம்னு துப்பாக்கிக்கு அனுமதி கொடுத்தா, அது எப்பவும் கீழ்ப்படியில் நிக்கிறவனைத்தான் பார்க்கும். மேலே இருக்கிறவனுக்கு வக்கீல் இருக்கார்.

துப்பாக்கி தூக்காமலே என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு வாச்சாத்தி இருக்கு. கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலை, அதோட அடிவாரத்துக் கிராமம். அங்கேயும் மலையாளிப் பழங்குடிகள்தான். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாரும் சேர்ந்து போனாங்க. ஊரையே அடிச்சு நொறுக்கினாங்க. கிணத்தில் டீசலை ஊத்தினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. அத்தனையும் 'சட்டத்தை நிலைநாட்ட'ப் போனவங்க செஞ்சது. பாதிக்கப்பட்டவங்க மேலயே கடத்தல் வழக்கும் போட்டாங்க.

அந்தப் பெண்களும், கூட நின்ன மலைவாழ் மக்கள் சங்கமும் விடலை. வழக்கு சிபிஐக்குப் போச்சு. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதுக்குள்ளே செத்துப்போயிருந்தாங்க. மீதி 215 பேருமே குற்றவாளிகள். ஒருத்தர்கூட விடுதலை இல்லை. 2023-ல், அதே செப்டம்பர் 29-ஆம் தேதி, உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செஞ்சது.

மொத்தம் 31 வருஷம். "இதுக்குப் பேர் நீதியா?"ன்னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. 31 வருஷம் என்பது வெட்கக்கேடு, அதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனா ஒண்ணு கேட்கிறேன். சீருடை போட்ட 215 பேரைக் குற்றவாளின்னு சொல்ல வைக்க, ஒரு மலையடிவாரத்து ஏழைப் பொண்ணுக்குச் சட்டத்தை விட்டா வேற என்ன ஆயுதம் இருந்தது? அடிதடியா? பணமா? ஆள் பலமா? அந்த மூணிலும் அவ தோத்துத்தான் போயிருப்பா. பலம் இல்லாதவங்களுக்கு இருக்கிற ஒரே சாமான் அதுதாங்க. மெதுவா ஓடுதுன்னா ரிப்பேர் பண்ணணும். தூக்கிக் கிணத்தில் போட்டுட்டா நஷ்டம் மாமாவுக்கும் எனக்கும்தான்.

*

இதுவரைக்கும் அரசாங்கத்தைத் திட்டியாச்சு. அது சுலபம். இப்ப நம்ம பக்கம்.

2022 ஜூலை 13-ல் சின்னசேலம் பக்கம் கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் 12-ஆம் வகுப்பு மாணவி இறந்துபோனார். பெத்தவங்களோட துக்கமும் சந்தேகமும் நியாயமானது, கேள்வி கேட்க அவங்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனா ஜூலை 17-ஆம் தேதி என்ன நடந்தது? வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து வந்த கூட்டம் பள்ளிக்கூடத்துக்குள்ளே புகுந்து பஸ்களைக் கொளுத்தியது. எங்கெங்கேயோ இருந்த பிள்ளைகளோட சான்றிதழ்கள் எரிஞ்சுபோச்சு. பெஞ்சு, ஃபேன், ஏசி என்று கையில் கிடைச்சதைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் தண்டோரா போட்டதும் ராத்திரியோட ராத்திரியா ரோட்டோரம் வெச்சுட்டுப் போனாங்க.

நீதி கேட்டு வந்தவன் ஃபேனைக் கழட்டிக்கிட்டுப் போவானா? அந்த நெருப்பில் யாருக்கு நீதி கிடைச்சது? அந்தப் பொண்ணுக்குக் கிடைக்கலை, அவங்க அம்மாவுக்கும் கிடைக்கலை. போலீஸ் சட்டத்தை மீறினா வாச்சாத்தி. நாம மீறினா கனியாமூர். எரிஞ்ச சான்றிதழுக்குச் சொந்தக்காரப் பிள்ளை எந்தத் தப்பும் பண்ணலை என்பதுதான் ரெண்டுக்கும் பொது.

இன்னொண்ணு. கருணாபுரத்தில் இறந்தவங்க குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவிச்சப்ப என் நண்பர்களே, "குடிச்சுச் செத்தவனுக்கு எங்க வரிப்பணமா?"ன்னு குதிச்சாங்க. வழக்குகூடப் போட்டாங்க. தொகை அதிகமா கம்மியான்னு பேசலாம், தப்பில்லை. ஆனா அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு: சட்டத்தோட பாதுகாப்பு ஒழுக்கமானவனுக்கு மட்டும்தான், குடிகாரன் செத்தா அது அவன் தலையெழுத்து. விஷம் விக்காமல் பார்த்துக்க வேண்டிய வேலை அரசாங்கத்தோடது. அந்த வேலை நடக்கலை. செத்தவன் நல்லவனா கெட்டவனான்னு பார்த்துப் பாதுகாப்புக் கொடுத்தா அதுக்குப் பேர் சட்டம் இல்லைங்க, தயவு. ஜாகீர்தாரும் தயவு காட்டியிருப்பார்.

*

போன தடவை ஊருக்குப் போனப்ப வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன், சும்மா. பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் ரேஷன் பை. பேச்சுக் கொடுத்தேன். அவர் சொன்னது:

"முன்னெல்லாம் கீழேர்ந்து பேன்ட் போட்டவங்க வந்தா ஓடிடுவோம் தம்பி. எதுக்கு வர்றாங்கன்னு கேக்க மாட்டோம். பேன்ட் போட்டவங்க வந்தா ஓடணும், அவ்ளோதான். இப்ப நின்னு பாக்குறோம். சில சமயம் டாக்டரா இருக்கு, சில சமயம் கணக்கெடுக்கறவங்களா இருக்கு. ஆனா முதல்ல ஒரு நிமிசம் காலு ஓடத்தான் பாக்கும்."

நான் படிச்ச எந்தப் புத்தகத்தைவிடவும் இது எனக்குத் தெளிவா இருந்தது. அரசாங்கத்து ஆள் வர்றதைப் பார்த்ததும் கால் ஓடப் பார்க்காத நாள் வந்தா, அன்னிக்கு மலைக்குச் சட்டம் போயிடுச்சுன்னு எழுதலாம். அந்தப் பெரியவரோட ஒரு நிமிஷம் அரை நிமிஷமா குறைஞ்சாக்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

கடைசியா ஒரு ஒப்புதல். இதை எழுதத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன்.

பாக்கெட் எங்கே விக்குதுன்னு எங்க ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டாஸ்மாக் திறக்க மத்தியானம் பன்னெண்டு ஆகும், இது விடியக்காலையிலேயே கிடைக்கும். குவார்ட்டர் விலையில் பாதிகூட இல்லை. மூட்டை தூக்கப் போறவங்களும் கொத்து வேலைக்குப் போறவங்களும் வரிசையா நின்னு வாங்கிக் குடிச்சதை லீவுக்குப் போறப்பெல்லாம் பார்த்திருக்கேன். பார்த்துட்டு, பால் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் ஒருதடவை புகார் கொடுத்தார். சாயங்காலமே வித்தவன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்னு, சிரிச்சுக்கிட்டே, "என்னண்ணே, நம்ம மேல என்ன கோவம்?"னு கேட்டான். அதுக்கப்புறம் எங்க தெருவில் யாரும் புகார் கொடுக்கலை.

60-க்கும் மேற்பட்ட சாவில் நான் செய்யாத அந்தப் புகாருக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நினைக்கிறேன். மாமாகிட்ட இதைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "சரி, நாளைக்கே ஒருத்தன் வித்தா, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பியா?"ன்னு கேட்டார்.

கொடுப்பேன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உள்ளே போனது அவருக்கும் கேட்டிருக்கும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. தேதியிலோ சட்ட விவரத்திலோ பிழை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். 'சுட்டுத் தள்ளணும்' கட்சிக்காரங்களும் வந்து சண்டை போடலாம், மாமா தனியா இருக்கார் :-)